எழுத்தறியா வீட்டில் வீட்டுப்பாடம்

வீட்டுப்பாடம் என்ற சொல்லுக்குள் ஒரு வீடு இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு வேலையெல்லாம் முடித்து ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் அதில் இருக்கிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும். பிள்ளையின் நோட்டைப் பார்த்தால் எது சரி, எது பிழை என்று சொல்லிவிடுவார். நல்ல வெளிச்சம், சத்தமில்லாத ஒரு மூலை, பென்சில் சீவ ஒரு பிளேடு. வீட்டுப்பாடம் கொடுக்கும் ஆசிரியர் இதையெல்லாம் நினைத்துப் பார்த்துத்தான் கொடுக்கிறார் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இவையெல்லாம் இருந்தால்தான் அது நடக்கும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைக் கடந்து, வெள்ளிமலைக்கு ஏறுகிற வழியில் அந்த வீடு மெல்ல மெல்ல இல்லாமல் போகிறது. சேராப்பட்டு, இன்னாடு, கரியாலூர் என்று மலை மேல் சிதறிக் கிடக்கும் ஊர்களில் பெரும்பாலும் வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். சாமையும் மரவள்ளியும் விளைகிற நிலம் ஆண்டு முழுக்கச் சோறு போடுவதில்லை. அதனால் கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று பெற்றோர் கூலிக்குப் போகிறார்கள். பிள்ளை ஆயாவிடம் இருக்கிறது. அந்த ஆயா யார் என்று யோசித்தால்தான் இந்தக் கேள்வியின் ஆழம் புரியும். கல்வராயன் மலை 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் இந்த மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. அந்த ஆண்டில் பத்து வயதுச் சிறுமியாக இருந்தவருக்கு இன்று அறுபதை ஒட்டிய வயது. பேரனின் இரட்டைக்கோடு நோட்டை இன்றைக்கு மடியில் வைத்துக்கொண்டிருப்பவர் அவர்தான்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. கள்ளக்குறிச்சி அப்போது சேர்ந்திருந்த விழுப்புரம் மாவட்டத்தில் சுமார் 72. மாநிலத்தின் பழங்குடி மக்களிடையே 54. இந்த மூன்று எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒரே வீட்டுப்பாடம் மூன்று வகை வீடுகளுக்குப் போய்ச் சேர்வது தெரியும். நோட்டில் பிழையில்லாமல் எழுதி வந்த பிள்ளைக்கு ஆசிரியர் போடும் ‘நன்று’ பாதிக்கு மேல் அந்த வீட்டுக்குப் போடுவதுதான். எழுதாமல் வந்த பிள்ளை வாங்கும் திட்டும் அப்படியே. எட்டு வயதுப் பிள்ளை தன் வீட்டின் நிலைக்காக வகுப்பில் எழுந்து நிற்க நேர்வது எனக்குத் தாங்க முடியாத விஷயம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

சமவெளியில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கத்துக் குடும்பங்கள் கரும்பு விற்ற காசையும் கூலிக் காசையும் சேர்த்துப் பிள்ளையை ஆங்கிலவழித் தனியார் பள்ளியில் சேர்க்கின்றன. அம்மா எட்டாவதோ பத்தாவதோ தமிழில் படித்தவர். டைரியில் ஆங்கிலத்தில் எழுதி வருவது அவருக்குப் புரிவதில்லை. தமிழ்ப் பாடம் என்றால் சொல்லிக்கொடுக்கக் கூடிய ஒரு தாய், நோட்டின் மொழி மாறியதால் ‘எனக்கு ஒண்ணும் தெரியாது’ என்று ஒதுங்கிக்கொள்கிறார். பிள்ளை டியூஷனுக்குப் போகிறது. அங்கே நடப்பதும் பெரும்பாலும் அதே வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுக்கிற வேலைதான். வீட்டுக்குள் இருந்த உதவியை வெளியே தள்ளிவிட்டு, அதற்கு மாதாமாதம் காசும் கட்ட வேண்டியிருக்கிறது.

வீட்டுக்குப் பாடம் கொடுத்தனுப்பும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் தம் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தைச் சொல்லும்போது ஒரு பழக்கத்தைக் குறிப்பிடுகிறார். சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில் உபாத்தியாயர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரோ பறவையின் பெயரோ ஊரின் பெயரோ சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். எழுதுவது ஒன்றும் கிடையாது. வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு சொல் பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போய், வாயிலேயே இரவைக் கழித்து, திரும்பி வருகிறது. அந்தப் பள்ளிகளில் அடியும் இருந்தது, பல சாதியாருக்குக் கதவடைப்பும் இருந்தது. அவற்றை மறந்துவிட்டு அந்தக் காலத்தைப் போற்றுவதற்கில்லை. இந்த ஒரு வழக்கத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பின்னால் இதற்குத் திரும்பி வருகிறேன்.

இன்றைய வீட்டுப்பாடத்தைக் குறைக்கச் சொல்லிப் பல குரல்கள் எழுந்துவிட்டன. பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு 1993-இல் தந்த ‘சுமையற்ற கற்றல்’ அறிக்கை, தொடக்க வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் வேண்டாம் என்றது. பிள்ளை தன் வீட்டையும் சுற்றுப்புறத்தையும் ஆராய்ந்து பார்க்கிற வேலைக்கு மட்டும் அதில் விலக்கு. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.கிருபாகரன், ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டார். 2020-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் இல்லை என்றது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. கவனிக்க வேண்டும், நாளுக்கு அல்ல, வாரத்துக்கு. சின்னப் பிள்ளைகள் மாலையை எப்படிக் கழித்தார்கள், என்ன விளையாடினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று வகுப்பில் பேசவிடலாம் என்ற ஒரு யோசனையும் அந்தக் கொள்கையில் உண்டு. அதிகம் பேர் கவனிக்காத இந்த வரி எனக்கு மிகவும் பிடித்தது.

ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பர் 1989-லும் 2006-லும் வீட்டுப்பாடம் பற்றிய ஆய்வுகளைத் திரட்டித் தொகுத்துப் பார்த்தார். உயர்நிலை வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் ஓரளவு தொடர்பு தெரிந்தது. தொடக்க வகுப்புகளில் அந்தத் தொடர்பு கிட்டத்தட்ட இல்லை. படித்த பெற்றோர் நிறைந்த நாட்டிலேயே இதுதான் நிலை. பாடத்தை ஐந்து முறை பார்த்து எழுதி வா என்று இன்னும் நம் ஊரில் கொடுக்கப்படும் வேலையைப் பற்றி என் முடிவை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: அது கைக்குத் தரும் வேலை. வாசிக்கவே வராத பிள்ளைகூட ஒரு பக்கத்தைப் பார்த்து அழகாக வரைந்து வந்துவிடும். ஆசிரியருக்கும் வீட்டுக்கும் பிள்ளை படிக்கிறது என்ற நம்பிக்கையை அது தந்துவிடுகிறது. பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை என்பது ஐந்தாம் வகுப்பில்தான் வெளியே தெரிகிறது.

வாசிப்பு வரவில்லை என்பது வெறும் அச்சம் அல்ல. கிராமப்புறக் குழந்தைகளின் வீட்டுக்கே போய்ச் சோதிக்கும் ‘அசர்’ ஆய்வில், 2018-இல் தமிழ்நாட்டின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பகுதியை வாசித்தவர்கள் 10 விழுக்காட்டை ஒட்டியிருந்தார்கள். 2022-இல் அது 4.8 ஆனது. இடையில் தொற்றுக்காலத்தில் தொடக்கப் பள்ளிகள் பதினெட்டு மாதங்களுக்கும் மேலாக மூடிக் கிடந்தன என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தாலும், மூடுவதற்கு முன்பே பத்தில் ஒன்றுதான் என்பது மனத்தை உறுத்துகிறது.

இங்கே வாசிப்பு என்றால் என்ன என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் ஓர் எளிய வாய்பாடு சொன்னார்கள். எழுத்தைக் கூட்டி ஒலியாக்கும் திறன் ஒன்று, கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. இந்த இரண்டின் பெருக்கல்தான் வாசிப்பு. அவர்கள் கூட்டல் என்று சொல்லாததற்குக் காரணம் உண்டு. பெருக்கலில் ஒன்று சுழியானால் விடையும் சுழி. எழுத்தே தெரியாதவன் எவ்வளவு மொழியறிவு இருந்தும் வாசிக்க முடியாது. ஒலியை மட்டும் எழுப்பி, பொருள் புரியாதவனும் வாசித்தவன் ஆகமாட்டான்.

முதல் பாதி, எழுத்து, பள்ளியின் வேலை. தமிழில் 247 எழுத்துகள் என்று சொல்லிப் பயமுறுத்துகிறோம். பிள்ளை கற்க வேண்டியது உயிரும் மெய்யும், பிறகு மெய்யோடு சேர்கிற சில குறிகளும்தான். ஆனால் அந்தக் குறிகள் கண்ணை ஏமாற்றும். ‘கொ’ என்று எழுதும்போது ஒரே ஒலியின் குறி எழுத்துக்கு முன்னும் பின்னும் பிரிந்து நிற்கிறது. ‘கை’யில் பின்னால் ஒலிப்பது முன்னால் வந்து நிற்கிறது. கன்னட எழுத்து பற்றி ஆராய்ந்த சோனாலி நாக், ஆங்கிலம் படிக்கும் பிள்ளை எழுத்துகளைக் கற்கும் காலத்தைவிடக் கன்னடப் பிள்ளைக்கு முழு எழுத்துத் தொகுதியும் கைவர மிக நீண்ட காலம், நான்காம் ஐந்தாம் வகுப்பு வரைகூட, ஆவதைக் காட்டினார். கன்னடத்தின் கூட்டெழுத்துகள் தமிழில் இல்லை. ஆகவே நம் பிள்ளைக்கு அந்தச் சுமை குறைவு. ஆனாலும் இது ஒரு வருடத்தில் முடிகிற வேலை அல்ல, எழுத்தறியாத வீடு செய்யக் கூடியதும் அல்ல. 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை இதற்கென்றே வந்தது. பிள்ளையின் வகுப்பைப் பார்க்காமல் அதன் நிலையைப் பார்த்துக் கற்பிப்பது அதன் அடிப்படை. அது சரியான திசை.

இரண்டாவது பாதி, மொழி. இங்கேதான் ஆயா வருகிறார்.

மலை வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகளாகக் கிளம்பி வந்து மலைகளைப் பங்கிட்டுக்கொண்ட தங்கள் முன்னோரின் கதையை மலையாளி மக்கள் தலைமுறைகளாகச் சொல்லி வருகிறார்கள். எந்தக் கிழங்கு எந்த மாதம், கடுக்காய் எப்போது உதிரும், எந்த ஓடை கோடையில் வற்றும் என்பதெல்லாம் அங்கே சிறுபிள்ளையின் காதில் விழுந்துகொண்டே இருக்கும் மொழி. ஏழை வீட்டுப் பிள்ளை மூன்று வயதுக்குள் வசதியான வீட்டுப் பிள்ளையைவிட மூன்று கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்று 1995-இல் ஹார்ட், ரிஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் எழுதியது உலகமெங்கும் பரவியது. அது 42 குடும்பங்களை வைத்துச் சொன்னது. 2018-இல் வேறு ஆய்வாளர்கள் வேறு சமூகங்களில் போய்ப் பார்த்தபோது, பாட்டியும் அத்தையும் அண்ணனும் சுற்றிப் பேசுவதையும் கணக்கில் சேர்த்தால் அந்த இடைவெளி அப்படியே நிற்கவில்லை என்று தெரிந்தது. கூட்டமாக வாழும் நம் வீடுகளுக்கு இந்த மறுப்பு முக்கியம்.

சிக்கல் சொற்களின் அளவில் இல்லை, இரண்டு தமிழ்களுக்கு நடுவில் இருக்கிறது. வீட்டில் ‘வந்துச்சு’, புத்தகத்தில் ‘வந்தது’. வீட்டில் ‘குச்சிக்கிழங்கு’ என்று தெரிந்தது பாடத்தில் ‘மரவள்ளி’ ஆகிறது. எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இது உண்டு. பேச்சில் தனக்கென்று ஒரு சாயல் உள்ள மலைப் பிள்ளைக்கு அந்தத் தூரம் இன்னும் அதிகம். எழுத்துத் தமிழைக் காதால் கேட்டே இராத பிள்ளை, எழுத்தைக் கூட்டி ஒலித்த பிறகும் அது எந்தச் சொல் என்று அடையாளம் காணாமல் விழிக்கிறது. கதையை உரக்க வாசித்துக் காட்டுவதும், வாசித்த கதையைத் தன் பேச்சில் திரும்பச் சொல்லச் சொல்வதும் அந்த இரண்டு தமிழ்களுக்கும் பாலம். முதலாவதைப் பள்ளி செய்ய வேண்டும். இரண்டாவதைக் கேட்க ஆயா போதும்.

எழுத்தறியாத பெற்றோர் பங்கெடுத்தால் பலன் உண்டா என்று இந்தியாவிலேயே சோதித்திருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. பிள்ளைகளின் நிலையைக் கிராமத்தாருக்கு எடுத்துச் சொல்லி, கூட்டம் போட்டு, கல்விக் குழுக்களைப் பற்றி விளக்கியதெல்லாம் பிள்ளைகளின் கற்றலை அசைக்கவில்லை. உள்ளூர் இளைஞர்களுக்குச் சிறு பயிற்சி கொடுத்து வாசிப்பு முகாம் நடத்தியபோது, வந்த பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள். வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பீகாரிலும் ராஜஸ்தானிலும் தாய்மாருக்கு எழுத்தறிவு வகுப்பு ஒரு பக்கமும், தாயும் பிள்ளையும் சேர்ந்து செய்யும் சிறு பயிற்சித் தாள்கள் இன்னொரு பக்கமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-இல் வெளியான முடிவு: பலன் உண்டு, ஆனால் சிறியது. இந்தச் சிறுமையை மறைக்கக் கூடாது. வீட்டை மட்டும் நம்பிப் பள்ளி கையைக் கழுவ முடியாது என்பதற்கு இதுவே சான்று. ‘பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்ற பேச்சை ஆசிரியர் அறைகளிலிருந்து விலக்கவும் இது போதும். அக்கறை இருந்தாலும் கைக்கு ஏதாவது கருவி கொடுத்தால்தான் அது வேலை செய்கிறது.

நம் மாநிலத்திலேயே இன்னும் வலுவான பாடம் ஒன்று இருக்கிறது. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. தெருவிலுள்ள படித்த இளம்பெண்கள் மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ என்ற மூன்று ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பள்ளி மூடியதால் ஏற்பட்ட இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது. குறைவாகப் படித்த தாய்மாரின் பிள்ளைகள் அதிகம் இழந்திருந்தார்கள், மீண்டபோது வேகமாகவும் மீண்டார்கள். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே ஒரு மூன்றாவது இடம் இருக்கிறது, அங்கே ஓர் ‘அக்கா’ போதும் என்பதை இது காட்டிவிட்டது.

மலையில் அந்த அக்கா எளிதில் அமைவதில்லை. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. இருட்டிய பிறகு பாதையில் பிள்ளைகளை அனுப்பத் தயங்குவார்கள். பன்னிரண்டாவது முடித்த பெண் திருமணமாகியோ வேலைக்கோ போய்விட்டால் அந்த ஊருக்கு வேறு ஆள் கிடைக்காது. ஆகவே மலைக்கு ஒரே அளவுச் சட்டை பொருந்தாது. மாலையில் முடியாத இடத்தில், காலையில் முடியும். இப்போது பிள்ளைகள் காலை உணவுக்காகப் பள்ளிக்கு முன்னதாகவே வருகிறார்கள். சாப்பிட்டு முடித்து மணி அடிக்கும் வரை உள்ள நேரத்தில் பெரிய வகுப்புப் பிள்ளை சின்னப் பிள்ளையின் வாசிப்பைக் கேட்கலாம். வீட்டில் கிடைக்காத பத்து நிமிடம் அங்கே கிடைக்கும்.

இன்னொரு கூட்டம் உண்டு, வீட்டுப்பாடம் பற்றிய பேச்சில் யாரும் நினைக்காத கூட்டம். கல்வராயன் மலையில் பழங்குடியினர் நலத்துறை நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கும் சிறு பிள்ளைகள். அவர்களுக்கு வீடே விடுதிதான். ஏழு வயதில் தாயைப் பிரிந்து வந்த பிள்ளைக்கு மாலைப் படிப்பு நேரம் என்பது வரிசையாக உட்கார்ந்து நோட்டில் எழுதும் நேரமாக மட்டும் இருந்தால், அதன் மொழிக்கு நாளெல்லாம் காது கொடுப்பவர் எவருமில்லை. விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெரியவர் ஒரு கதையை வாசித்துக் காட்டுவது மேலதிக வசதி என்று நினைக்கப்படக் கூடாது. சாப்பாட்டைப் போல அதுவும் அங்கே பட்டியலில் இருக்க வேண்டியது. சமையல் செய்யும் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். அவர் மலையின் கதை ஒன்றைப் பதிலுக்குச் சொல்லலாம்.

புத்தகத்துக்கு வருவோம். விடுதலை பெற்ற இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் இயற்றியது 1948-இல் சென்னை மாகாணம். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம், பிள்ளையின் நிலைக்கு ஏற்ப நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்துச் சிறு நூல்களைக் கொடுத்திருக்கிறது. பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, பெரிய படம். நான்காம் ஐந்தாம் வகுப்புக்கு ‘ஊஞ்சல்’ இதழும் வருகிறது. ஆகப் புத்தகமே இல்லை என்ற காலம் போய்விட்டது. புத்தகம் பள்ளியின் அலமாரியில் இருக்கிறது. வீட்டுக்குக் கொடுத்தால் கிழிந்துவிடும், தொலைந்துவிடும், தணிக்கையில் கேட்டால் என்ன சொல்வது என்ற அச்சம் தலைமையாசிரியருக்கு. அந்த அச்சம் நியாயமற்றது என்று சொல்லமாட்டேன், பொறுப்பு அவர் தலையில்தான் விழுகிறது. அதனால் மேலிருந்தே ஓர் உத்தரவு வர வேண்டும்: பிள்ளை கையில் கிழிந்த புத்தகம் இழப்பாகக் கணக்கில் வராது, பயன்பட்டதாகவே வரும் என்று. இந்த ஒரு வரி மாறினால் கல்வராயன் மலையின் வீட்டுப்பாடமே மாறிவிடும் என்று நம்புகிறேன். பாடப்புத்தகத்தில் அச்சிட்ட கியூஆர் குறியீடுகளும் கல்வித் தொலைக்காட்சியும் நல்லவைதான். ஆனால் சிக்னல் கிடைக்காத மேட்டில் அட்டைப் புத்தகத்துக்கு ஈடு எதுவும் இல்லை.

அந்தப் புத்தகம் வீட்டுக்கு வந்தால் ஆயா என்ன செய்வார்? பக்கத்தில் உட்காரச் சொல்வார். பிள்ளை எழுத்தின் அடியில் விரல் வைத்து உரக்கப் படிக்கும். தடுக்கினால் அவசரப்படுத்தாமல் காத்திருப்பார். பக்கம் முடிந்ததும் ‘அப்புறம் என்னாச்சு கண்ணு?’ என்று கேட்பார். படத்தைக் காட்டி இது என்ன என்பார். பிழையாகப் படித்தால் அவருக்குத் தெரியாது. தெரியாமல் போனால் போகட்டும், பிழையை நாளைக்கு ஆசிரியர் திருத்துவார். இங்கே வேண்டியது பிள்ளை நாள்தோறும் பத்து நிமிடம் குரல் விட்டு வாசிப்பதும், வாசித்ததைப் பொருளாக இன்னொருவருக்குச் சொல்ல வேண்டிய தேவையும். கேட்கிறவருக்குக் கதை தெரியாது என்பதே அங்கே பலம். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்கும் ஆளிடம் பிள்ளை சொல்கிற விதமே வேறு. வெளியூரில் இருக்கும் அப்பா போனில் பேசும் நாளில் ‘சாப்பிட்டியா’ என்பதோடு ‘இந்த வாரம் என்ன கதை?’ என்றும் கேட்கலாம்.

கணக்குக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை. புளியங்கொட்டை, பல்லாங்குழி, ரேஷன் கடைச் சீட்டு, சந்தையில் மீதிச் சில்லறை என்று அது வீட்டில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. பள்ளி அதைக் கணக்கு என்று ஒப்புக்கொண்டால் போதும்.

இதையெல்லாம் பேசுவதற்கு ஓர் இடமும் சட்டப்படி இருக்கிறது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழ் அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அங்கே கட்டடமும் கழிப்பறையும் பேசப்படுகின்றன, பேசப்படத்தான் வேண்டும். அதே கூட்டத்தில் ஒரு தாய், ‘எங்க வீட்ல எழுதிக் குடுக்க ஆள் இல்ல சார், படிக்கச் சொல்லிக் குடுத்துவிடுங்க, நாங்க உக்காந்து கேக்குறோம்’ என்று சொன்னால், அதை மறுக்க எந்த விதியும் இல்லை. யஷ்பால் அறிக்கையும் பள்ளிப்பைக் கொள்கையும் அந்தத் தாயின் பக்கம்தான்.

உ.வே.சா. சொன்ன வழக்கத்துக்குத் திரும்புகிறேன். அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். சாயங்காலம் ஆசிரியர் எந்தப் பெயரும் சொல்லி அனுப்ப வேண்டாம். ‘உங்க ஆயாகிட்ட ஒரு மரத்தோட பேர் கேட்டுக்கிட்டு வா’ என்று மட்டும் சொல்லட்டும். மறுநாள் காலையில் சேராப்பட்டின் ஒரு வகுப்பறையில் இருபது பிள்ளைகள் இருபது மரங்களோடு வந்து நிற்பார்கள். சில பெயர்கள் ஆசிரியருக்கே தெரியாதவையாக இருக்கும். அவற்றை அவர் கரும்பலகையில் எழுத, பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். தன் ஆயா சொன்ன சொல் எழுத்தில் எப்படி இருக்கும் என்று ஒரு பிள்ளை அன்றைக்கு முதன்முதலாகப் பார்க்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அதை மண்ணில் எழுதி ஆயாவுக்குக் காட்டும்.